பணம் கட்டிய சாப்பாடு

ஒருவர் கப்பல் ஏறுகிறார். இங்கிலாந்தின் கரையோரமாக ஒரு வாரம் சுற்றி வரும் பயணம். ஏறியவுடன் பரிசாரகர் வந்து, அந்தந்த வேளைக்குக் காசு கொடுக்கிறீர்களா, ஒரு வாரத்துக்கும் சேர்த்து இப்போதே கட்டிவிடுகிறீர்களா என்று கேட்கிறார். சேர்த்துக் கட்டினால் மலிவு என்று அவரே யோசனையும் சொல்கிறார். மொத்தம் இரண்டு பவுன் ஐந்து ஷில்லிங். காலையில் மீன், பிறகு வாட்டிய இறைச்சி. ஒரு மணிக்கு நாலு வகையோடு மதியச் சாப்பாடு. ஆறு மணிக்கு சூப், மீன், இறைச்சி, கோழி, இனிப்பு, பாலாடைக்கட்டி, பழம் என்று வரிசையாக வரும் விருந்து. பத்து மணிக்கு இன்னொரு முறை இறைச்சி. நம் ஆள் நன்றாகச் சாப்பிடுகிறவர். உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார்.

ஷியர்னஸ் துறையைத் தாண்டும்போது மதியச் சாப்பாடு வருகிறது. எதிர்பார்த்த அளவு பசி இல்லை. கொஞ்சம் வேகவைத்த மாட்டிறைச்சியும், கிரீம் ஊற்றிய ஸ்ட்ராபெரியும் போதும் என்று எழுந்துவிடுகிறார். பிற்பகல் முழுக்க யோசனையிலேயே போகிறது. ஒரு சமயம், வாரக் கணக்காக மாட்டிறைச்சியை மட்டுமே தின்று வருவதுபோல் இருக்கிறது. இன்னொரு சமயம், வருஷக் கணக்காக ஸ்ட்ராபெரியிலேயே உயிர் வாழ்வதுபோல் இருக்கிறது. ஆறு மணிக்கு அழைப்பு வருகிறது. கட்டிய பணத்தில் கொஞ்சமாவது கழிக்க வேண்டுமே என்று கயிறுகளைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறார். வெங்காயமும் சூடான பன்றித் தொடையும் பொரித்த மீனும் கலந்த வாசனை கீழ்ப்படியில் காத்திருக்கிறது. எண்ணெய் வழியும் சிரிப்போடு பரிசாரகர் எதிரே வந்து, என்ன எடுத்து வரட்டும் என்கிறார். வந்தவருக்கு அங்கிருந்து யாராவது தம்மை எடுத்துப் போனால் போதும் என்றாகிவிடுகிறது.

அடுத்த நாலு நாளும் மெல்லிய பிஸ்கட்டும் சோடாத் தண்ணீரும்தான். சனிக்கிழமைவாக்கில் துணிந்து தண்ணீர்த் தேநீரும் வெறும் ரொட்டியும். திங்களன்று கோழி ரசம்வரை போய்விடுகிறார். செவ்வாயன்று கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் புகைவிட்டுக் கிளம்புகிறது. அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தமக்குச் சேர வேண்டிய இரண்டு பவுன் சாப்பாடு அதோ போகிறது என்ற ஏக்கம் அவருக்கு.

ஜெரோம் கே. ஜெரோம் 1889-இல் வெளியிட்ட ‘த்ரீ மென் இன் எ போட்’ புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வரும் கதை இது. தேம்ஸ் நதியில் மூன்று நண்பர்களும் ஒரு நாயும் படகில் போன கதையைச் சொல்லும் நூல் அது. கடல் பயணம் போகலாமா என்ற பேச்சு வரும்போது, ஏன் வேண்டாம் என்பதற்காக இந்தக் கதையை அவர் எடுத்துவைக்கிறார். எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஷியர்னஸ் வரும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

குமட்டலை வைத்துச் சிரிப்பு மூட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஜெரோமின் கைவண்ணம் அந்த ‘இரண்டு பவுன் ஐந்து ஷில்லிங்’கில் இருக்கிறது. அந்தத் தொகையை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வயிறு சரியில்லாத ஒரு மனிதர்தான் மிஞ்சுவார். தொகை இருப்பதால்தான் அவர் உடம்பு கேட்காதபோதும் படியிறங்குகிறார். உணவின் பெயரும் வேளையும் மணியும் வரிசை தப்பாமல் வருவதால்தான், அந்த வாசனை நம் மூக்குக்கும் எட்டுகிறது. அவர் எந்த இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. ஒரு கணக்குப்பிள்ளையின் சிரத்தையோடு வரவையும் செலவையும் எழுதிக்கொண்டே போகிறார். சிறிய விஷயத்தை முழு அக்கறையோடு, துல்லியமாக, முகம் மாறாமல் சொல்வதுதான் இந்தக் கலை. ஆங்கிலேயர்களின் கப்பல் நகைச்சுவையிலும் அவர்களுடைய சாப்பாட்டு மேசையிலும் இதே குணத்தைப் பார்க்கிறேன். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே ரசிக்கிறேன்.

ஜெரோமுக்கு முன்னால் இந்த வழியைப் போட்டவர் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ். 1842 ஜனவரி 4 அன்று, மனைவியோடு லிவர்பூலில் ‘பிரிட்டானியா’ என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். அமெரிக்கா போகும் பயணம். ஜனவரி 22-இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதினெட்டு நாள் அவதியை ‘அமெரிக்கன் நோட்ஸ்’ நூலின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். விளம்பரப் படத்தில் அரண்மனை அறைபோல் இருந்த அவருடைய கேபின், நேரில் பார்த்தால் ஒரு பெட்டியைக்கூட உள்ளே விட முடியாத அளவு. ஒட்டகச்சிவிங்கியைப் பூந்தொட்டிக்குள் இறக்குவதோடு அதை ஒப்பிடுகிறார். பால் ஏற்றுகிறார்கள் என்று துறைமுகத்தில் சொல்கிறார்களே, அது என்னவென்று பார்த்தால், கப்பலுக்குள் ஒரு பசுவை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். பால் வேண்டுமானால் மாடும் கூடவே வர வேண்டும். இதை அவர் விளக்கவில்லை. துறைமுகத்தார் சொன்ன சொல்லையும் ஏறிய பசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்தப் பகுதியில் நான் மிகவும் கொண்டாடும் இடம் புயல் இரவு. அவருடைய மனைவியும் வேறு சில பெண்களும் பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தைரியம் வரட்டும் என்று வெந்நீரில் பிராந்தி கலந்து ஒரு தம்ளர் நிறைய எடுத்துப் போகிறார் டிக்கன்ஸ். பெண்கள் ஒரு நீளமான சோபாவின் ஒரு முனையில் குவிந்து கிடக்கிறார்கள். அவர் பக்கத்தில் போனதும் கப்பல் சாய்கிறது. எல்லோரும் மறுமுனைக்கு உருண்டுவிடுகிறார்கள். அந்த முனைக்குத் தள்ளாடிப் போகிறார். கப்பல் இந்தப் பக்கம் சாய்கிறது. கால்மணி நேரம் சோபாவின் இரு முனைக்கும் நடுவே இப்படியே துரத்தல் நடக்கிறது. கடைசியில் ஒருவழியாகப் பிடித்துவிடும்போது தம்ளரில் ஒரு தேக்கரண்டி பிராந்திதான் மீதி. அந்தத் தேக்கரண்டியைப் பாருங்கள். ‘எல்லாம் சிந்திவிட்டது’ என்று முடித்திருந்தால் அது செய்தி. ஒரு தேக்கரண்டி மிஞ்சியது என்பதில்தான் அந்தக் கால்மணி நேரமும் நம் கண்முன் ஓடுகிறது.

அதே புயலில் கப்பலின் பலகாரம் செய்பவரும் படுத்துவிடுகிறார். மாற்று ஆளாக ஒருவரைப் பிடித்து, மேல்தளத்துச் சிறு அறையில் காலிப் பீப்பாய்களுக்கு நடுவே சாயாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிறுத்தி, பைக்கான மாவைத் தேய்க்கச் சொல்கிறார்கள். அட்லாண்டிக் நடுவே புயலில் அலையும் கப்பலில், பை இல்லாமல் சாப்பாடு போட்டாலென்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அமெரிக்கரான மார்க் ட்வெயினை இங்கே விட்டுவிட முடியாது. 1867-இல் ‘குவேக்கர் சிட்டி’ கப்பலில் மத்தியதரைக்கடலையும் பாலஸ்தீனத்தையும் சுற்றி வந்தார். இரண்டு வருஷம் கழித்து ‘தி இன்னசென்ட்ஸ் அப்ராட்’ வந்தது. அதில் ஒரு பயணி, கப்பலில் தரும் காப்பி நாளுக்கு நாள் தண்ணீராகிறது என்று பொருமுகிறார். ஒரு நாள் கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே கேப்டனிடம் போய் ருசி பார்க்கச் சொல்கிறார். கேப்டன் நிதானமாக வாயில் வைத்துப் பார்த்து, காப்பி என்றால் மட்டம்தான், தேநீர் என்றால் மோசமில்லை என்று தீர்ப்பளிக்கிறார். பயணி முகர்ந்து பார்க்கிறார், குடித்துப் பார்க்கிறார், பேசாமல் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறார். அவர் எடுத்து வந்தது தேநீர்தான்.

தேநீரைப் பற்றிய இதே அக்கறையைக் கரையில் ஆர்வெல்லிடம் பார்க்கலாம். பீகாரின் மோதிஹாரியில் 1903-இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946 ஜனவரியில் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில், நல்ல தேநீர் போடுவதற்குப் பதினொரு விதிகள் எழுதினார். இந்திய இலை அல்லது சிலோன் இலை மட்டுமே வேண்டும், தேநீர் கடுமையாக இருக்க வேண்டும், வெந்நீர்க் கெண்டியைத் தேநீர் ஊறும் பாத்திரத்திடம் கொண்டு போகாமல் பாத்திரத்தைக் கெண்டியிடம் கொண்டு போக வேண்டும், கோப்பையில் முதலில் தேநீர், பிறகே பால், சர்க்கரை கூடாது. போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓர் ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் தேயிலைதான் ரேஷன். அந்த இரண்டு அவுன்ஸில் இருபது நல்ல கோப்பைகள் எப்படி வாங்குவது என்று கணக்குப் போடுகிறார். அதே கைதான் அப்போது சர்வாதிகாரத்துக்கு எதிராகவும் எழுதிக்கொண்டிருந்தது. ஒரே நேர்மையோடு இரண்டையும் எழுத முடிந்தது அவரால். பால் முதலிலா பிறகா என்ற வழக்கு அதோடு முடியவில்லை. 2003-இல், ஆர்வெல்லின் நூற்றாண்டை ஒட்டி, பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி ஓர் அறிக்கை வெளியிட்டது. சூடான தேநீரில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பாலின் புரதம் கெடும், அதனால் பாலை முதலில் ஊற்றுவதே சரி என்றது. வேதியியலாளர்கள் உட்கார்ந்து ஆர்வெல்லுக்கு மறுப்பு எழுதுகிறார்கள். அதற்கும் முன்னால், 1980-இலேயே, பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனம் சோதனைக்காகத் தேநீர் தயாரிக்கும் முறையை ஆறு பக்க ஆவணமாக வெளியிட்டிருந்தது. நூறு மில்லிலிட்டருக்கு இரண்டு கிராம் இலை, ஆறு நிமிடம் ஊற வேண்டும் என்று அளவுகள் எல்லாம் அதில் உண்டு.

பன்னுக்கு நடுவே தடவுவதிலும் இதே கதை. ஸ்கோன் என்ற சிறு ரொட்டியைப் பிளந்து, கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம் தடவி மேலே கிரீம் வைப்பார்கள். பக்கத்து டெவன்காரர்கள் முதலில் கிரீம், மேலே ஜாம். இரண்டும் வயிற்றுக்குள் ஒன்றாகத்தான் போகின்றன. ஆனாலும் அந்த வரிசையை விட்டுக்கொடுக்க எவரும் தயாராக இல்லை.

பெயர்களுக்கு வருவோம். ஆங்கிலேயச் சமையலை மட்டம் தட்டுபவர்கள் அதன் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘டோட் இன் த ஹோல்’ என்றால் பொந்துக்குள் தேரை. தட்டில் தேரை இல்லை. மாவுக்கரைசலில் புதைத்துச் சுட்ட சாசேஜ்கள் அங்கங்கே தலைநீட்டிக்கொண்டிருக்கும். ‘பபிள் அண்ட் ஸ்க்வீக்’ என்பது முந்தைய நாள் மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் மசித்து வாணலியில் வாட்டுவது. வாணலியில் அது கொதித்தும் கீச்சிட்டும் போடும் சத்தமே பெயர். சோறு வடிக்கும் பானையின் தளபுளச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். ‘வெல்ஷ் ராபிட்’டில் முயல் இல்லை, ரொட்டியின் மேல் உருக்கிய பாலாடைக்கட்டி. ‘மின்ஸ்மீட்’டில் இப்போது இறைச்சி இல்லை, உலர்ந்த பழமும் வாசனைப் பொருளும்தான். ‘புட்டிங்’ என்ற சொல் இன்னும் குறும்பு பிடித்தது. கறுப்புப் புட்டிங் ரத்தம் சேர்த்த சாசேஜ். யார்க்ஷயர் புட்டிங் மாட்டிறைச்சியோடு தின்னும் மாவுப் பண்டம். கிறிஸ்துமஸ் புட்டிங் இனிப்பு. சாப்பாடு முடிந்து வரும் எந்த இனிப்புக்கும் பொதுப்பெயர்கூடப் புட்டிங்தான்.

இவற்றில் என் மனம் ஒட்டிக்கொண்டது ‘ஸ்டார்கேஸி பை’ மேல். நட்சத்திரம் பார்க்கும் பை. கார்ன்வாலின் தென்மேற்கு மூலையில் மவுஸ்ஹோல் என்று எழுதி மவுஸல் என்று உச்சரிக்கும் மீனவக் கிராமம் ஒன்று இருக்கிறது. அங்கே டிசம்பர் 23 அன்று இதைச் செய்வார்கள். மீன்களை மாவுக்குள் வைத்து மூடும்போது, தலைகளை மட்டும் மேலோட்டைத் துளைத்து வெளியே நீட்டி, வானத்தைப் பார்க்க வைப்பார்கள். முதல் தடவை படத்தில் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். கதையைக் கேட்டால் சிரிப்பு வேறு நிறம் கொள்ளும். பெரும் புயலில் மீன்பிடிக்க யாரும் போக முடியாமல் ஊரே பட்டினி கிடந்த ஒரு குளிர்காலத்தில், டாம் பாகாக் என்பவர் தனியாகக் கடலுக்குப் போய் ஊருக்கே மீன் கொண்டுவந்தார் என்பது அங்கே வழங்கும் கதை. உள்ளே மீன் இருக்கிறது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்து நம்பும்படி தலைகளை வெளியே விட்டார்களாம்.

கப்பல் வழியாக நம் பக்கத்திலிருந்தும் ஒரு பெயர் அங்கே போயிருக்கிறது. மிளகுத் தண்ணீர்தான் ‘முல்லிகட்டாணி’ ஆனது. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இந்தத் தமிழ் மூலத்தைச் சொல்லி, கூடவே ஒரு வேடிக்கையான தகவலையும் தருகிறது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு ‘மல்’ என்று பட்டப்பெயர். ‘முல்லிகட்டாணி’யின் தலையை மட்டும் வெட்டியெடுத்துச் செய்த பெயர் அது. பம்பாய்க்காரர்களுக்கு ‘டக்’, பம்பாய் டக் என்ற உலர்ந்த மீனால் வந்தது. அதில் வாத்து கிடையாது. இங்கிலாந்து போன மிளகுத் தண்ணீரில் கோழியும் ஆப்பிளும் மசாலாத்தூளும் கிரீமும் ஏறிவிட்டன. நம் பாட்டிகள் கண்டால் அடையாளம் தெரியாது. ஆனாலும் பெயரில் மிளகும் தண்ணீரும் அப்படியே இருக்கின்றன.

ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். கல்கத்தாவில் 1811-இல் பிறந்தவர். 1844-இல் பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி கொடுத்த இலவசப் பயணத்தில் கெய்ரோவரை போய் வந்து, 1846-இல் அதை நூலாக்கினார். உல்லாசக் கப்பல் பயணத்தை எழுதிய முதல் சிலரில் ஒருவர். அந்தப் பயண நூலைவிட ‘வேனிட்டி ஃபேர்’ நாவலில் அவர் வைத்த ஒரு சாப்பாட்டுக் காட்சிதான் எனக்கு உயர்வு. இந்தியாவில் கலெக்டராக இருந்து திரும்பிய ஜாஸ் செட்லியை மயக்க விரும்பும் பெக்கி ஷார்ப், அவருக்குப் பிடித்த கறியைத் தானும் ருசிப்பதாகக் காட்டிக்கொள்கிறாள். வாய் எரிகிறது. இதோடு ஒரு சில்லி சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் அவர். ஆங்கிலத்தில் ‘சில்லி’ என்றால் குளிர்ந்தது என்றும் காதில் விழும். குளிர்ச்சியாக ஏதோ தருகிறார் என்று நம்பி மிளகாயைக் கடித்துவிடுகிறாள். ஒரே ஒலி, இரண்டு பொருள், நடுவில் ஒரு நாக்கு. அதற்கு மேல் தாக்கரே ஒரு சொல்கூட வீணாக்கவில்லை.

மறுபடி ஜெரோமிடம் வருகிறேன். தேம்ஸ் படகில் ஒரு மதியம். குளிர்ந்த மாட்டிறைச்சி இருக்கிறது. கடுகுக் குழம்பு இல்லை. உலகத்தையே எழுதிக் கொடுக்கலாம் போல் கடுகு மேல் ஆசை வருகிறது. அப்போது பெட்டியின் அடியிலிருந்து ஒரு அன்னாசி டப்பா கிடைக்கிறது. மூவர் முகமும் மலர்கிறது. திறக்கும் கருவி இல்லை. நண்பர்களில் ஒருவரான ஹாரிஸ் பேனாக்கத்தியால் முயன்று கையை வெட்டிக்கொள்கிறார். இன்னொருவரான ஜார்ஜ் கத்தரிக்கோலால் முயல, அது தெறித்துக் கண்ணுக்கு வருகிறது. படகின் கொக்கிக் கம்பால் குத்தப்போன ஜெரோம், சேற்றில் விழுகிறார். பிறகு கரையேறி, கூர்மையான கல்லை டப்பாவின் மேல் வைத்து, பாய்மரக் கம்பத்தால் ஓங்கி அடிக்கிறார்கள். ஜார்ஜின் வைக்கோல் தொப்பிதான் அன்றைக்கு அவர் உயிரைக் காப்பாற்றியது. டப்பா தட்டையாகிறது, சதுரமாகிறது, கணிதத்தில் உள்ள எல்லா வடிவத்துக்கும் மாறுகிறது. திறக்கவில்லை. கடைசியில் அதன் முகத்தில் விழுந்த ஒரு பள்ளம் இளிப்பதுபோல் தெரிய, ஹாரிஸ் அதைத் தூக்கி ஆற்றின் நடுவே வீசுகிறார். மெய்டன்ஹெட் வரும்வரை நிற்காமல் துடுப்புப் போடுகிறார்கள்.

கடுகு இல்லாத ஏக்கத்தில் தொடங்கியதுதான் இதன் அழகு. ஒரு சிறு குறை, அதன்மேல் ஒரு சிறு நம்பிக்கை, அதன்பின் ஒவ்வொரு கருவியாக ஏறும் படிகள். அன்னாசியின் ருசியைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனாலும் படித்து முடிக்கையில் நம் நாக்கில் அன்னாசி ஊறுகிறது. நகைச்சுவை எழுதுகிறவர்கள் பசியை மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நம் காலத்துக் கப்பல் எழுத்தில் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் கட்டுரையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1995-இல் கரீபியக் கடலில் ஏழு இரவு சொகுசுக் கப்பலில் போய் வந்து, 1996 ஜனவரியில் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் எழுதினார். அறையைவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே போனால் மட்டும் அறை சுத்தமாகிவிடுகிறது. அதற்குள் திரும்பினால் போட்டது போட்டபடி இருக்கிறது. பணிப்பெண்ணுக்கு இது எப்படித் தெரிகிறது என்று அவர் ஒளிந்து நின்று துப்புத் துலக்கும் பகுதி, டிக்கன்ஸின் பிராந்திக்கு நிகரானது. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு இருட்டு தொடர்ந்து வருகிறது. ஜெரோமின் மனிதருக்குத் தம் இரண்டு பவுன் கிடைக்கவில்லை. இவருக்கு எல்லாமே கிடைத்துவிடுகிறது, அதனால் துக்கம். அறிவால் வாலஸ் உயர்ந்தவர்தான். மனம் நிறைவது எனக்கு ஜெரோமிடம்.

இப்போது சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சொகுசுக் கப்பல்கள் கிளம்புகின்றன. போய் வருகிறவர்கள் எழுதவும் செய்கிறார்கள். நீச்சல் குளமும் சூரிய அஸ்தமனமும் எல்லாக் கட்டுரையிலும் வருகின்றன. எனக்கு வேண்டியது வேறு. காலை ஏழு மணிக்கு என்ன போட்டார்கள், சட்னி எப்படி இருந்தது, எந்த இடத்தில் கப்பல் ஆடத் தொடங்கியது, எத்தனை ரூபாய்ச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தீர்கள்? அதை எழுதுங்கள்.

எழுதும் முன் ஜெரோமின் முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். அவர் 1927-இல் மறைந்துவிட்டதால் நூலுக்கு இப்போது உரிமைத் தடை எதுவும் இல்லை. தேடினால் உடனே கிடைக்கும். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து உரக்கப் படியுங்கள். அந்த இரண்டு பவுன் ஐந்து ஷில்லிங்கை மட்டும் விட்டுவிடாமல் படியுங்கள்.